அவர் பேருக்கு ஒரு சீட்டு

எதிரிக்குப் பரிசு விழ வேண்டும் என்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்ட ஒரே ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் லைனில், எனக்கு அடுத்த வீட்டுக்காரர். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில் இருந்தது எங்கள் தேயிலை எஸ்டேட். அவர் கொழுந்து எடுப்பார். கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் நான் ஆயா. எல்லோரும் அவரை ‘மெஷின் அக்கா’ என்பார்கள். நான் வெறுமனே அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பட்டப்பெயர் வந்த கதை தெரிந்தால் உங்களுக்கும் அப்படிக் கூப்பிட வாய் வராது.

அக்காவுக்கு யாராவது ஒன்று செய்தால் அதையே, அதே அளவில், திருப்பிச் செய்யாமல் விட மாட்டார். நல்லதோ கெட்டதோ, கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. எனக்கு டைபாய்டு வந்தபோது என் பிள்ளைகளுக்கு அவர்தான் சோறு பொங்கிப் போட்டார். என்றைக்கோ அவர் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது நான் கஞ்சி கொடுத்தேனாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

கெட்டதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பின்வரிசைக்காரி ஒருத்தியின் மாடு அக்காவின் பீன்ஸ் பாத்தியில் புகுந்து ஒரு செடி மிச்சமில்லாமல் மேய்ந்துவிட்டது. கேட்கப் போனால், “வாயில்லாச் சீவன், நான் என்னங்க பண்றது?” என்று சிரித்தாளாம். அக்கா திரும்பி வந்துவிட்டார். அடுத்த போகத்தில் அவள் கேரட் போட்டாள். தழை நன்றாக எழும்பி நின்ற சமயத்தில், அக்கா சோலூர்ப் பக்கம் போய் ஓர் ஆடு வாங்கி வந்தார். அது வரைக்கும் அவர் ஆடு வளர்த்ததே இல்லை. இரண்டொரு நாளில் ஆடு கேரட் பாத்தியைக் கண்டுபிடித்துவிட்டது. அவள் தலைதெறிக்க ஓடிவந்து கத்தியபோது, “வாயில்லாச் சீவன் புள்ள, நான் என்ன செய்ய?” என்றார் அக்கா. மறுவாரமே ஆட்டை விற்றுவிட்டார்.

சுளுக்கு எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். ஒரு நாள் கோத்தகிரி பஸ் கண்டக்டர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். அதே ஆள் முன்பு ஒரு மழைநாளில், அக்கா கை காட்டியும் விசில் அடித்து வண்டியை எடுத்துக்கொண்டு போனவர். அடுத்த பஸ் வரும்வரை அக்கா நனைந்துகொண்டு நின்றார். இப்போது வெளியே தூறிக்கொண்டிருந்தது. “அங்கனயே நில்லுங்க, பாய் எடுத்துப் போடுறேன்” என்று உள்ளே போனவர், அடுத்த பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்கும் வரை வெளியே வரவில்லை. அப்புறம் அந்தக் காலைப் பெற்ற பிள்ளையின் காலைப் போல மடியில் வைத்து நீவிவிட்டார். கண்டக்டர் நேராக நடந்து போனார். ஏன் நனைந்தோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. அது அக்காவுக்குத் தேவையும் இல்லை.

“விட்டுத் தள்ளுங்களேன் அக்கா” என்று நான் சொன்னதுண்டு.

“ஏலாது புள்ள” என்பார். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர். முடியாது என்பதற்கு ஏலாது என்றுதான் சொல்வார். “நெஞ்சுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்குது. எடுத்த எடத்துல வெச்சாத்தான் எனக்கு நிம்மதி.”

இனி மெஷின் கதை.

எங்கள் கோயில் திருவிழாவில் வருடாவருடம் குலுக்கல் நடக்கும். லாட்டரி என்று சொன்னால் ஃபாதருக்குக் கோபம் வரும். நோயாளிகளுக்கு மருந்து வாங்கித் தரும் நிதிக்காக நடப்பது அது. சீட்டு வாங்கினால் நன்கொடை, பரிசு விழுந்தால் அன்பளிப்பு என்பார். அதில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. பெரிய கடைக்காரருக்கோ எஸ்டேட்காரருக்கோ பரிசு விழுந்தால், மேடைக்கு வந்து சாமானைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அங்கேயே அது ஏலத்துக்குப் போகும். நிதிக்கு இரண்டு வரவு. நல்ல வழக்கம்தான், மனசாரக் கொடுக்கிறவர்களுக்கு.

எங்கள் எஸ்டேட் சூப்பர்வைசர் திருவிழாக் குழுவுக்குச் செயலாளராக வந்த பிறகு அது வேறு மாதிரி ஆனது. வசதியானவருக்குப் பரிசு விழுந்தால் அவர் மேடைக்கு வந்து வாயைத் திறக்கும்வரை மரியாதையாகக் காத்திருப்பார். லைன் ஆட்களுக்கு விழுந்தால் அவர்கள் எழுந்திருப்பதற்குள் மைக்கில், “நம்ம சகோதரர் இதைக் கோயிலுக்கே திரும்பக் குடுக்கறாங்க!” என்று அறிவித்துவிடுவார். கூட்டம் கை தட்டிவிடும். மாதா சொரூபத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, இல்லை, எனக்கு வேண்டும் என்று யார் சொல்வார்கள்? மேஸ்திரி ஒருவருக்கு விழுந்த கிரைண்டர், எங்கள் காப்பகத்தில் சமைத்த ஒரு பெண்ணுக்கு விழுந்த பீரோ எல்லாம் இப்படித்தான் போயின.

அந்த வருடம் முதல் பரிசு மோட்டார் வைத்த தையல் மெஷின். அக்கா கான்வென்டில் தையல் படித்தவர். சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் முழுவதையும் உனக்கே தருகிறேன் என்று சிஸ்டர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மழையிலும் பனியிலும் அட்டைக்கடியிலும் கிடந்து முதுகு போய்விட்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலை அவருக்கு எத்தனை பெரிய கனவு என்று கூடை சுமந்தவர்களுக்குத் தெரியும். முதல் பரிசுக்கு அக்காவின் பெயரை வாசித்ததும் நான் அவரைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நான்கு எட்டு வைத்திருப்பார்.

“நம்ம சகோதரி இந்த மெஷினை ஏழை நோயாளிங்களுக்காகத் திரும்பக் கோயிலுக்கே காணிக்கையாக் குடுக்கறாங்க! எல்லாரும் ஜோராக் கை தட்டுங்க!”

நடுவழியில் அக்கா நின்றுவிட்டார். எல்லோரும் தட்டினார்கள். எனக்கு அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து முறிக்க வேண்டும் போல இருந்தது. ஏலம் ஆரம்பித்ததும் முதல் விலை கேட்டவரே சூப்பர்வைசர்தான். அதுவும் ஒரு குக்கர் விலைக்கு. கொழுந்து இல்லாத மாதங்களில் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று முடிவு செய்கிற ஆளுக்கு எதிராக யார் விலை ஏற்றுவார்கள்? ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். மெஷின் அவர் வீட்டுக்குப் போனது. அவர் மனைவிக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. மெஷின் மேல் பூப்போட்ட துணி விரித்து டி.வி.யை வைத்துக்கொண்டார்கள். யூனிஃபார்ம் வேலை குன்னூர் டெய்லர் ஒருவருக்குப் போயிற்று. அக்கா பழையபடி கூடையைத் தலையில் மாட்டினார். எவனோ ஒரு வாயாடி அவருக்கு ‘மெஷின் அக்கா’ என்று பெயர் வைத்தான்.

அடுத்த திருவிழாவுக்கு நான் மாதர் குழு சார்பில் வீடு வீடாகச் சீட்டு விற்றேன். அக்கா வாங்க மாட்டார் என்று நினைத்து அவர் வாசலைத் தாண்டப் போனேன். கூப்பிட்டு நிறுத்தினார்.

“எனக்கும் ஒண்ணு கிழி புள்ள.”

“யார் பேருக்குங்க அக்கா? தம்பி பேருக்கா?” தம்பி என்றது திருப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகனை.

“இல்ல. சூப்பர்வைசர் பேரைப் போடு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் புத்தி. அந்த நெகிழ்ச்சியில் ஃபாதரிடமும் போய்ச் சொல்லிவைத்தேன். அவர் ஞாயிறு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், தனக்குத் தீங்கு செய்தவருக்காக நன்மை வேண்டுகிற ஒரு உள்ளம் நம் நடுவில் இருக்கிறது என்று உருகினார். அக்கா முதல் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் என் காதைப் பிடித்துத் திருகினார்.

“அவருக்கு விழணும் புள்ள. பெருசா விழணும். ஒண்ணுமில்லாதவங்கிட்டருந்து என்னத்தைப் பிடுங்குறது?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் நானும் அவரோடு மெழுகுவத்தி ஏற்ற ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

வருடாவருடம் அவர் பேருக்கு ஒரு சீட்டு. தன் பேருக்கு அக்கா வாங்கியதே இல்லை. இன்னொரு காரியமும் செய்தார். திருவிழா வேலைகளில் எது யாருக்கும் வேண்டாமோ அதை இழுத்துப் போட்டுக்கொண்டார். மேடை கழுவுவார், தோரணம் கட்டுவார். முக்கியமாக, மைக் செட்காரருக்குச் சுடச்சுட வடையும் டீயும் அவர் கையால்தான் போகும். மைக் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். சூப்பர்வைசரே ஒரு முறை மைக்கில் அவரைப் பாராட்டினார்.

நடுவில் ஒரு வருடம் சூப்பர்வைசருக்குக் குக்கர் விழுந்தது. சின்னப் பொருள்தானே என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு எடுத்துப் போனார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. “பத்தாது” என்றார்.

காலம் போயிற்று. அக்கா வேலையிலிருந்து நின்றுவிட்டார். சூப்பர்வைசரும் ஓய்வு பெற்றார். ஆனால் செயலாளர் பதவியை மட்டும் விடவில்லை. அந்த வருடம் முதல் பரிசாக ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சிவப்பு நிறம், ஹேண்டிலில் மாலை. சூப்பர்வைசரின் மகளுக்குக் கோத்தகிரியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் திருவிழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சிஸ்டர் ஒருவர் குடத்துக்குள் கைவிட்டு எடுத்த சீட்டை ஃபாதர் வாங்கி வாசித்தார். சூப்பர்வைசரின் பெயர். அந்த மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தனை வருடமும் யார் தன் பேருக்குச் சீட்டு வாங்கினார் என்று ஒருநாளும் யோசிக்காத மனிதர், அன்றைக்கு மட்டுமா யோசிக்கப் போகிறார்? மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கி ஓடினார். சாவியை மாப்பிள்ளை கையில் வைத்து அழுத்தி, “உங்களுக்குத்தானுங்க மாப்ள! கடவுளே குடுத்துட்டாரு!” என்றார். சம்பந்தி எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார்.

அக்கா ஸ்டூலில் இருந்தபடியே இன்னொரு மைக்கை எடுத்தார். செட்காரர் ஒன்றும் கேட்காமல் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

“நம்ம செயலாளர் ஐயா இந்த ஸ்கூட்டரை ஏழை நோயாளிங்களுக்காகத் திரும்பக் கோயிலுக்கே காணிக்கையாக் குடுக்கறாங்க! எல்லாரும் ஜோராக் கை தட்டுங்க!”

ஒரு சொல் மாறவில்லை. முதலில் தட்டியது கிரைண்டரை இழந்த மேஸ்திரி. அப்புறம் பீரோவை இழந்தவள். அப்புறம் லைன் மொத்தமும் எழுந்து நின்று தட்டியது. அப்படி ஒரு கைதட்டலை அந்தக் கோயில் கேட்டிருக்காது. ஃபாதர் புதியவர், ஒன்றும் தெரியாமல் அவரும் தட்டினார். சூப்பர்வைசர் திரும்பி நின்றார். கொடுக்கவில்லை என்று சொன்னால் நோயாளிகளின் காசைப் பிடுங்கியவர் ஆவார். கொடுத்தேன் என்று சொன்னால் மாப்பிள்ளை கையிலிருந்து சாவியைத் திரும்ப வாங்க வேண்டும். சம்பந்தியின் முகம் அதற்குள் மாறிவிட்டது.

“ஆமாங்க ஃபாதர், கோயிலுக்குத்தான்” என்றார் கடைசியில். “ஏலத்துல நானே எடுத்துக்கறேனுங்க.”

அங்கேதான் மாட்டிக்கொண்டார். இப்போது அவர் யாருக்கும் சூப்பர்வைசர் இல்லை. அவர் ஒரு விலை சொன்னார். மேஸ்திரி அதற்கு மேல் சொன்னார். பஸ்ஸுக்குக் காசில்லாதவர்கள் எல்லாம் கையைத் தூக்கினார்கள். ஒருத்தி பயந்து அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். சூப்பர்வைசர் நிறுத்திவிட்டால் சாமானை நாம் அல்லவா எடுக்க வேண்டும் என்ற பயம். அக்கா, கேள் என்று தலையை ஆட்டினார். அவர் எப்படி நிறுத்துவார்? சாவி மாப்பிள்ளை கையில் இருக்கிறதே. விலை கடை விலையைத் தொட்டது, தாண்டியது. கடைசியாக அக்கா எழுந்து ஒரு விலை கேட்டார். அவரை நேராகப் பார்த்துக் கேட்டார். சூப்பர்வைசர் அதற்கு மேல் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தனக்கு விழுந்த பரிசைக் கடையில் வாங்குவதைவிட அதிக விலைக்கு வாங்கியவர் இந்த மலையிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவ்வளவும் ஏழைகளின் மருந்துக்கு. யார் என்ன குற்றம் சொல்ல முடியும்? எனக்கு வயிறு குளிர்ந்தது.

திரும்பி வரும்போது, “இப்ப நிம்மதிங்களா அக்கா?” என்றேன்.

“நிம்மதி என்ன நிம்மதி. சந்தோஷமா இருக்குது புள்ள” என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின், “அந்தப் பொண்ணு ஓரமா நின்னு அழுதுச்சு. அது மட்டும் கூடிப்போச்சு” என்றார். கல்யாணத்தன்று அழைப்பில்லாமல் போய், தன் காதுத் தோட்டைக் கழற்றி அந்தப் பெண்ணின் கையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பினார். அதோடு அந்தப் பெண்ணோடு அவருக்கு நேராகிவிட்டது.

ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன அக்கா சிவந்த முகத்தோடு வெளியே வந்தார். என்ன நடந்தது என்று அவரே சொன்னார். “வருத்தப்படுறேன்னு சொல்லச் சொல்றாரு சாமி. வருத்தமே இல்லாம எப்படிச் சொல்றது? பொய்யில்லையா அது? ஏலாதுன்னுட்டேன்.” செய்ததற்கு மனம் வருந்தாமல் மன்னிப்புக் கிடையாது, மன்னிப்பு இல்லாமல் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கக் கூடாது. அந்த ஞாயிறு முதல் எல்லோரும் நற்கருணைக்கு வரிசையில் போகும்போது அக்கா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வரிசையில் முதல் ஆளாகச் சூப்பர்வைசர் போவார், கை கூப்பிக்கொண்டு. அக்காவுக்கு அது வலித்தது. பூசையை ஒருநாளும் தவறவிடாதவர் அவர். ஆனாலும் ஒரு பொய் சொல்லி எழுந்து போக அவரால் ஏலவில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. குன்னூர் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். சாகக் கிடப்பவர்களுக்கு ஜெபம் சொல்லிப் பூசுகிற எண்ணெயோடு ஃபாதர் வந்தார். நான் வெளியே போக எழுந்தேன். “அவ இருக்கட்டும்” என்றார் அக்கா.

ஃபாதர் குனிந்து, “அம்மா, அவரை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

அக்கா ரொம்ப நேரம் மூச்சு வாங்கினார். “அவரு கேட்டா மன்னிச்சிருவேன் சாமி. இன்னைக்கு வரைக்கும் கேக்கலையே.”

ஃபாதர் வராந்தாவுக்குப் போய்ச் சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். நான் கதவருகே நின்று கேட்டேன். உள்ளே வந்தவர், அவருக்கு உடம்பு சரியில்லையாம், வர முடியவில்லையாம் என்றார். அக்கா சிரித்தார். ஃபாதருக்கு அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை. கேட்டால் கொடுப்பேன் என்கிற மனசு போதும் என்று ஆசீர்வதித்து, நன்மை கொடுத்தார். அக்கா கண்ணை மூடி வாங்கிக்கொண்டார்.

ஃபாதர் போன பிறகு அக்கா என் கையைப் பிடித்தார். “நான் இல்லாத காலத்துல அவரு வந்து கேட்டா, மன்னிச்சிட்டேன்னு சொல்லு. கேட்டாத்தான் புள்ள. கேக்காம சொல்லிராத.”

அடக்கத்தன்று சூப்பர்வைசர் பெரிய மாலையோடு வந்தார். கல்லறையில் மண் போட்டு எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“ஏனுங்க, கடைசியில நீங்கதானே கூட இருந்தீங்க?”

“ஆமாங்க.”

“நான் எல்லாம் கோயிலுக்காகத்தானுங்க செஞ்சேன். அந்தம்மாதான் மனசுல வெச்சுக்கிட்டாங்க.” மாலையின் நாரைக் கிள்ளிக்கொண்டே நின்றார். “என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?”

நான் காத்திருந்தேன். கேட்டு வாங்கிப் போ என்றுதான் மனசுக்குள் சொன்னேன். தப்பு என்றோ, மன்னிப்பு என்றோ அவர் வாயில் ஒரு சொல் வந்திருந்தால் அந்த இடத்திலேயே கொடுத்திருப்பேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“இல்லைங்க. உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லலைங்க” என்றேன்.

இப்போது நான் மகளோடு மேட்டுப்பாளையத்தில் இருக்கிறேன். அவரும் மகள் வீட்டோடு இங்கே வந்துவிட்டார். பூசை முடிந்து சந்திக்கும்போதெல்லாம் வணக்கம் வைக்கிறார், நானும் வைக்கிறேன். இன்னும் அவர் கேட்கவில்லை.